எலி ரத்தத்தில் பிளேட்லெட் எண்ணுவது எப்படி: நோயைச் சொல்வதற்கு முன் ஊசியைச் சந்தேகப்படுங்கள்

மழை பிடித்து டெங்குப் பேச்சு கிளம்பினால், அந்தக் காய்ச்சலில் குறையும் பிளேட்லெட்டை, அதாவது ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவை, இலைச்சாறு ஏற்றும் என்ற நம்பிக்கையில் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் முற்றத்துப் பப்பாளி மரங்கள் மொட்டையாகிவிடும். அப்புறம் அதே இலை, சாறாகவோ எக்ஸ்ட்ராக்டாகவோ, ஏதாவது ஒரு கல்லூரி அனிமல் ஹவுஸில் விஸ்டார் இன ஆய்வக எலிகளின் வாய்க்குள் போகும். எம்.பார்ம் பிள்ளைகள், சித்தா, ஆயுர்வேத முதுநிலை மாணவர்கள், உயிர்வேதியியல் படிப்பவர்கள் என்று பலரும் பிளேட்லெட் எண்ணிக்கை என்ற ஒற்றை எண்ணை நம்பி மொத்த ஆய்வறிக்கையையும் எழுப்புகிறார்கள். அந்த எண்ணை எப்படி எடுப்பது, எப்போது நம்பலாம், எப்போது தூக்கிப் போட வேண்டும் என்று விவரமாகத் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலிக்குப் பிளேட்லெட் குறைந்திருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால், நோயையோ மருந்தையோ காரணம் காட்டுவதற்கு முன் உங்கள் ஊசியைச் சந்தேகப்படுங்கள். ரத்தம் எடுக்கும்போது லேசாக உறைந்தாலே பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், மெஷின் அந்தக் கட்டியைப் பிளேட்லெட்டாக எண்ணாது, எண்ணிக்கை பாதிக்கும் கீழே விழும், நீங்கள் எலியில் நோய் மாதிரி (டிசீஸ் மாடல்) நன்றாக உருவாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். ஹீமோகுளோபின் இந்த அளவுக்குக் கெடாது. பிளேட்லெட் கெடும், ஏனென்றால் காயத்தைக் கண்டால் ஒட்டுவதுதான் அதன் பிழைப்பு, உங்கள் ஊசிக்குத்தும் அதற்கு ஒரு காயம்தான்.

நெறிமுறைக் குழு அனுமதி, சிசிஎஸ்இஏ (விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழு) பதிவு பெற்ற இடத்திலிருந்து வாங்கிய விலங்கு, இதெல்லாம் இல்லாமல் ஊசியைத் தொடவே கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். படிவத்தில் எத்தனை முறை, எந்த இடத்திலிருந்து, எத்தனை மில்லி எடுப்பீர்கள் என்று எழுதுகிற இடத்தை மட்டும் சீனியரின் படிவத்திலிருந்து அப்படியே எடுத்துப் போடாதீர்கள். உங்கள் எண்ணின் தரம் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

எலியின் கணக்கு வேறு

மனிதருக்கு மைக்ரோலிட்டருக்கு 1.5 முதல் 4.5 லட்சம் வரை இயல்பு. அந்தக் கணக்கைத் தலையில் வைத்துக்கொண்டு எலி ரிப்போர்ட்டைப் படித்தால் எல்லாமே தப்பாகத் தெரியும். எலிக்குச் சுமாராக 6 முதல் 12 லட்சம், சுண்டெலிக்கு 9 முதல் 15 லட்சம் வரைகூட இருக்கும். எலிக்கு 4 லட்சம் என்று வந்தால் மனித லேபில் 'நார்மல்' என்று அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள், ஆனால் அந்த எலிக்கு அது நல்ல சரிவு. இந்த வரம்புகள்கூட இனத்துக்கு இனம், வயதுக்கு வயது, ஆண் பெண் என்று நகரும். ஆகவே புத்தக வரம்பை விட உங்கள் கன்ட்ரோல் எலிகளும் (ஒப்பிடுவதற்காக மருந்து கொடுக்காமல் வைத்தவை), அதே எலியிடம் மருந்து கொடுப்பதற்கு முன் எடுத்த அடிப்படை எண்ணும்தான் உண்மையான அளவுகோல். அடிப்படை எண் எடுக்காமல் ஆரம்பித்த ஆய்வைப் பின்னால் காப்பாற்றுவது கஷ்டம்.

அளவும் சின்னது. மனிதப் பிளேட்லெட்டின் சராசரிக் கொள்ளளவு, அதாவது ரிப்போர்ட்டில் எம்பிவி என்று வருவது, 7 முதல் 11 ஃபெம்டோலிட்டர் வரை. சுண்டெலிக்கு அது 4 முதல் 6 வரைதான். ஆயுளும் குறைவு: மனிதரில் 7 முதல் 10 நாள், எலியிலும் சுண்டெலியிலும் 4, 5 நாள். இந்த ஆயுள் கணக்கை மறக்காமல் வைத்திருங்கள், எந்த நாளில் ரத்தம் எடுப்பது என்று முடிவு செய்யும்போது தேவைப்படும்.

ரத்தம் எடுக்கும் அந்த அரை நிமிடம்

சுண்டெலிக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 72 மில்லி ரத்தம், எலிக்கு 64 மில்லி. 25 கிராம் சுண்டெலியிடம் மொத்தமே 1.8 மில்லிதான் இருக்கிறது. உயிரோடு விடப்போகிற விலங்கிடம் ஒரு தடவைக்கு மொத்த ரத்தத்தில் 10 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, 28 நாளில் கூட்டிப் பார்த்தால் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. சுண்டெலிக்கு அது ஒரு தடவைக்கு 0.18 மில்லி, 200 கிராம் எலிக்கு 1.2 மில்லி சொச்சம். கருணைக்காக மட்டும் இந்த வரம்பு இல்லை. அடிக்கடி ரத்தம் இழக்கும் விலங்கின் உடல் புது ரத்தம் உண்டாக்க முடுக்கிவிடப்படும், பிளேட்லெட்டும் கூடச் சேர்ந்து ஏறும், அந்த ஏற்றத்தை உங்கள் மூலிகையின் புண்ணியம் என்று எழுதிவிடுவீர்கள்.

எடுக்கும் இடம்: எலிக்கு வால் பக்கச் சிரை, சுண்டெலிக்குத் தொடைச் சிரை அல்லது தாடைச் சிரை, ஆய்வின் கடைசி நாளில் ஆழ்ந்த மயக்கத்தில் இதயத்திலிருந்து. கண் குழியிலிருந்து எடுப்பது இங்கே இன்னும் நடக்கிறது, மயக்க மருந்து இல்லாமல் அதைச் செய்யவே கூடாது, என்னைக் கேட்டால் வேறு வழி இருக்கும்போது அது வேண்டவே வேண்டாம். வால் நுனியை வெட்டிப் பிழிவதும் வேண்டாம். பிழியும்போது திசு நீர் ரத்தத்தில் கலக்கும், அதில் உறைதலைத் தூண்டும் பொருள் நிறைய, டியூபுக்குள் போவதற்கு முன்பே பிளேட்லெட் ஒட்ட ஆரம்பித்திருக்கும். எந்த இடத்தைத் தேர்ந்தாலும் ஒன்றோடொன்று ஒப்பிடப்போகிற எண்களுக்கெல்லாம் அதே இடம்தான், ஏனென்றால் இடம் மாறினால் எண்ணும் மாறும். முதல் நாள் வாலிலிருந்தும் கடைசி நாள் இதயத்திலிருந்தும் எடுத்து இரண்டையும் ஒரே கிராஃபில் போடுவதை நிறைய ஆய்வறிக்கைகளில் பார்க்கலாம். அந்தக் கோடு மருந்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

வாலை வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடம் வைத்தால் சிரை எழும்பும். ஸ்பிரிட் தடவினால் காயும்வரை பொறுங்கள். முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்ததிலிருந்து சேருங்கள். ரத்தம் தானாக ஓடி வர வேண்டும், நின்று நின்று சொட்டினால் அந்தக் காயத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் புதிதாகக் குத்துவது மேல். சிரிஞ்சில் எடுத்தால் மெல்ல இழுங்கள், டியூபில் விடும்போது ஊசியைக் கழற்றிவிட்டு விடுங்கள், ஊசி வழியாகப் பீய்ச்சினால் அணுக்கள் உடையும்.

இன்னொன்று, பயந்த எலி. துரத்திப் பிடித்து இறுக்கினால் அட்ரினலின் ஏறி மண்ணீரல் சுருங்கும், அங்கே தங்கியிருக்கும் பிளேட்லெட் ரத்தத்தில் இறங்கிவிடும். பெங்களூரிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய எலிகளுக்கு ஒரு வாரமாவது பழகவிட்டு, தினமும் கையில் எடுத்துப் பழக்கினால் இந்தத் தொந்தரவு பெரும்பாலும் குறையும். நேரமும் ஒன்றாக இருக்கட்டும். கன்ட்ரோல் குரூப் முழுவதையும் காலையில் முடித்துவிட்டு, டெஸ்ட் குரூப்பை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்காதீர்கள், குரூப்புகளைக் கலந்து சீட்டுக் குலுக்கிப் போட்ட வரிசையில் எடுங்கள்.

டியூபும் ஐஸ் பெட்டியும்

எண்ணிக்கைக்கு வேண்டியது ஊதா மூடி ஈடிடிஏ டியூப், ஈடிடிஏ ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள். ஹெப்பாரின் என்ற இன்னொரு உறைதடுப்பான் பிளேட்லெட்டைக் கட்டியாக்கும், எண்ணிக்கைக்கு உதவாது. நீல மூடி சிட்ரேட் உறைதல் சோதனைகளுக்கு, அதில்தான் எண்ண வேண்டிய நிலை வந்தால் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு திரவம் சேர்ந்திருப்பதால் வந்த எண்ணை 1.1 ஆல் பெருக்க வேண்டும். 2 மில்லி டியூபில் 0.2 மில்லி ரத்தத்தை ஊற்றுவதும் தப்பு, ஈடிடிஏ அளவுக்கு மீறிப் போய் அணுக்கள் சுருங்கும். குழந்தைகளுக்கு எடுக்கும் 0.5 மில்லி சின்ன டியூப் மெடிக்கல் சப்ளை கடைகளில் கிடைக்கும், அதை வாங்குங்கள். ரத்தம் விழுந்த உடனே, அடுத்த எலியைப் பிடிக்கப் போவதற்கு முன்னால், டியூபை எட்டுப் பத்துத் தடவை தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்வது இதற்காகத்தான், ஒருவர் எலி, ஒருவர் டியூப்.

அப்புறம் ஐஸ். நம்ம பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் செல் கவுண்டர், அதாவது ரத்த அணுக்களை எண்ணும் மெஷின், இல்லை, குலசேகரத்திலோ மார்த்தாண்டத்திலோ எடுத்த ரத்தம் நாகர்கோவில் லேபுக்குப் பஸ்ஸில் போகும். சீரம் டியூபுகளோடு சேர்த்து இதையும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸுக்குள் புதைத்துவிடுகிறார்கள். குளச்சல் மீனா இது, ஐஸில் போட்டுக் கொண்டுபோக? குளிர் பட்டால் பிளேட்லெட் தட்டை வடிவம் மாறி உருண்டுகொள்ளும், தூண்டப்பட்டு ஒட்டவும் செய்யும். சிபிசி டியூப், அதாவது அணுக்களை எண்ணுவதற்கான ஊதா மூடி டியூப், தனியாக, அறை வெப்பத்தில், வெயில் படாமல் போகட்டும். பைக்கின் சீட்டுக்கு அடியிலும் வேண்டாம், சித்திரை மாதத்தில் அந்தப் பெட்டி அடுப்பாகிவிடும்.

ஈடிடிஏவில் இருக்கும் நேரமும் முக்கியம். நேரம் போகப்போகப் பிளேட்லெட் ஊதும், எம்பிவி ஏறிக்கொண்டே போகும். எண்ணிக்கைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் ஓட்டினால் நிம்மதி, எம்பிவியையும் குறியீடாகக் காட்டப்போகிறீர்கள் என்றால் எல்லா டியூபையும் எடுத்த நேரத்திலிருந்து ஒரே இடைவெளியில், உதாரணத்துக்குச் சரியாக ஒரு மணி நேரத்தில், ஓட்டியாக வேண்டும். பஸ் தக்கலைப் பக்கம் நெரிசலில் நின்றதால் ஒரு குரூப்பின் எம்பிவி ஏறிப்போச்சு என்றால் யாரிடம் சொல்வது?

ஸ்மியர் இல்லாத எண்ணை நம்பாதீர்கள்

மெஷின் இருந்தாலும் ஒவ்வொரு டியூபிலிருந்தும் ஒரு ஸ்மியர், அதாவது கண்ணாடி ஸ்லைடில் மெல்லிசாக இழுத்த ரத்தப் படலம், போடுங்கள். லீஷ்மன் சாயம், இரண்டு நிமிடம் அப்படியே, பிறகு இரு மடங்கு பஃபர் நீர் விட்டு ஏழு முதல் பத்து நிமிடம், கழுவிக் காயவைத்து ஆயில் இம்மர்ஷனில் பார்க்க வேண்டியதுதான். முதலில் பார்க்க வேண்டிய இடம் ஸ்மியர் முடிகிற வால் ஓரம். இழுக்கும்போது கட்டிகளெல்லாம் அங்கேதான் ஒதுங்கும். ஊதா நிற மணல் குவித்தது மாதிரி பத்து இருபது பிளேட்லெட் ஒரே இடத்தில் கிடந்தால் அந்தச் சாம்பிளின் எண் செல்லாது. தயவுதாட்சண்யம் பார்க்காதீர்கள்.

வால் ஓரம் சுத்தமாக இருந்தால் சிவப்பணுக்கள் ஒன்றையொன்று லேசாகத் தொட்டபடி ஒரே அடுக்காக இருக்கும் பகுதிக்கு வாருங்கள். மைக்ரோஸ்கோப்பில் ஒரு பார்வைக்குத் தெரியும் வட்டம்தான் ஒரு புலம், அப்படிப் பத்து புலங்களில் எண்ணிச் சராசரி எடுத்து 15,000 ஆல் பெருக்கினால் மைக்ரோலிட்டருக்கான தோராய எண் கிடைக்கும். நல்ல சுண்டெலி ரத்தத்தில் ஒரு புலத்தில் 60, 70 தெரியும், மனித ஸ்மியர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் திகைப்பாகத்தான் இருக்கும். மெஷின் 3 லட்சம் என்று சொல்லி, ஸ்மியரில் புலத்துக்கு 50 தெரிந்தால் மெஷினைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. அந்த ஈரத்தில் ஸ்மியர் காயத் தாமதமாகும், லீஷ்மன் பாட்டிலைத் திறந்து வைத்தால் மெத்தனால் ஈரத்தை உறிஞ்சிச் சாயம் கெடும், பொடிப்பொடியாகப் படியும். அந்தச் சாயப்பொடி பார்ப்பதற்குப் பிளேட்லெட் மாதிரியே இருக்கும். மைக்ரோஸ்கோப்பின் நுண்திருகை மெதுவாக அசைத்துப் பாருங்கள்: பிளேட்லெட் சிவப்பணுக்கள் இருக்கும் அதே தளத்தில் தெளிவாகும், உள்ளே குருமணியும் சுற்றி வெளிறிய விளிம்பும் தெரியும், சாயப்பொடி அதற்கு மேல் தளத்தில் கறுப்பாக, கூரான ஓரத்தோடு நிற்கும். சாயத்தை வடிகட்டித்தான் உபயோகிக்க வேண்டும்.

மெஷின் இல்லையென்றால் நியூபர் சேம்பர்

நியூபர் சேம்பர் என்பது அணுக்களை மைக்ரோஸ்கோப்பில் எண்ணுவதற்காகக் கட்டம் பொறித்த கண்ணாடி ஸ்லைடு. இது பழைய முறை, ஆனால் ஒழுங்காகச் செய்தால் கெளரவமான முறை. 1 சதவீத அமோனியம் ஆக்ஸலேட் கரைசல், அதாவது 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 1 கிராம், வடிகட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள், எடுக்கும்போது மறுபடி வடிகட்டுங்கள். இது சிவப்பணுக்களை உடைத்துவிடும், பிளேட்லெட் மிஞ்சும். நஞ்சு என்பதால் வாயால் உறிஞ்சும் பழைய பைபெட் பழக்கம் இங்கே கூடாது. 10 மைக்ரோலிட்டர் ரத்தத்தை 990 மைக்ரோலிட்டர் கரைசலில் கலந்தால் நூறு மடங்கு நீர்த்தல். பத்து நிமிடம் கலக்கிவிட்டு, திரவம் பளிச்சென்று தெளிந்ததும் சேம்பரில் ஏற்றுங்கள்.

ஏற்றிய உடனே எண்ண உட்காராதீர்கள். ஒரு பெட்ரி தட்டில் நனைத்த பஞ்சை வைத்து, சேம்பரை அதற்குள் வைத்து மூடி, 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். பிளேட்லெட் லேசு, கீழே படிவதற்கு நேரம் எடுக்கும், மூடாமல் விட்டால் திரவம் ஓரத்திலிருந்து காய்ந்துவிடும். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். பிறகு 40 மடங்கு லென்ஸில், கண்டென்சரை நன்றாகக் கீழே இறக்கி, வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். நடுவில் உள்ள 25 கட்டத்தில் நான்கு மூலையும் நடுவும் ஆக ஐந்து கட்டங்களை எண்ணி 5,000 ஆல் பெருக்கினால் மைக்ரோலிட்டருக்கு எத்தனை என்று வரும். ஐந்து கட்டத்தில் 200 என்றால் 10 லட்சம்.

பிளேட்லெட் குறைந்த எலியில் ஐந்து கட்டத்தில் 20தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணை அப்படியே எடுக்காதீர்கள், 20 எண்ணினால் தற்செயல் பிழை மட்டுமே 20 சதவீதத்துக்கு மேல். 25 கட்டத்தையும் எண்ணி 1,000 ஆல் பெருக்குங்கள். சேம்பரின் இரண்டு பக்கமும் ஏற்றி, இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் வந்தால் மறுபடி ஏற்றுங்கள். எண்ணுகிறவருக்கு எந்த டியூப் எந்த குரூப் என்று தெரியக் கூடாது, இந்த இடத்தில்தான் ஆசை கண்ணை மறைக்கும்.

மெஷின் இருக்கிறது என்றால் ஒரே கேள்வி: விலங்கு மோட் இருக்கிறதா? மனித மோட் பிளேட்லெட்டையும் சிவப்பணுவையும் கொள்ளளவை வைத்துப் பிரிக்கிறது. மனிதச் சிவப்பணு 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர், எலியுடையது 50, 60 தான். மனிதருக்குப் போட்ட எல்லைக்கோட்டில் எலியின் சின்னச் சிவப்பணுக்களும் உடைந்த துண்டுகளும் பிளேட்லெட் பக்கம் விழலாம், மிகச் சின்னப் பிளேட்லெட் கணக்கிலேயே வராமல் போகலாம். மெஷின் எத்தனை லட்சம் வரை சரியாக எண்ணும் என்பதையும் கையேட்டில் பாருங்கள், சுண்டெலி ரத்தம் பல மெஷின்களின் உச்ச வரம்பைத் தொட்டுவிடும், அப்போது நீர்த்து ஓட்ட வேண்டும். பிளேட்லெட் குறைந்து, அதே சாம்பிளில் வெள்ளணு மட்டும் காரணமில்லாமல் ஏறியிருந்தால் கட்டிகளை வெள்ளணுவாக எண்ணியிருக்கிறது என்று அர்த்தம். உறைந்த டியூபில் கட்டியைக் குச்சியால் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தை ஓட்டித் தருகிற லேபும் உண்டு. அது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

குறைந்தது ஏன் என்று கேளுங்கள்

சரி, எண் சுத்தமானது என்று வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் அது நோயைப் பேச ஆரம்பிக்கும். பிளேட்லெட் குறைய மூன்று வழி: எலும்பு மஜ்ஜையில் உற்பத்தி குறைவது, ரத்தத்தில் அழிவது அல்லது செலவாவது, மண்ணீரலில் போய்த் தங்குவது. ஹைட்ராக்ஸியூரியா, சைக்ளோஃபாஸ்பமைடு, பியூசல்ஃபான் எல்லாம் முதல் வகை. மஜ்ஜை நின்றாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பிளேட்லெட் தன் நான்கைந்து நாள் ஆயுளை வாழ்ந்துதான் தீரும், ஆகவே சரிவு தாமதமாகத் தெரியும், வெள்ளணுவும் சேர்ந்து விழும். பிளேட்லெட்டுக்கு எதிரான ஆன்டிபாடி ஏற்றிய சுண்டெலியில் சில மணி நேரத்திலேயே விழுந்து, நிறுத்தினால் சில நாட்களில் தானாக மீளும். எல்பிஎஸ் என்ற பாக்டீரியா நச்சைக் கொடுத்து உண்டாக்கும் செப்சிஸ் (உடல் முழுக்கப் பரவிய தொற்று) மாதிரியில் உறைதலில் செலவாகிக் குறையும், அங்கே ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் பிடி, ஏபிடிடி சோதனைகள் நீள்கிறதா என்று பார்க்காமல் விட்டால் கதை பாதிதான். பிளாஸ்மோடியம் பெர்கெய் என்ற மலேரியாக் கிருமி ஏற்றிய சுண்டெலியில் மண்ணீரல் வீங்கும், எடை போட்டுப் பாருங்கள்.

எம்பிவி இங்கே உதவும். அழிவதால் குறைந்தால் மஜ்ஜை அவசரமாகப் புதிய, பெரிய பிளேட்லெட்டுகளை அனுப்பும், எம்பிவி ஏறும். மஜ்ஜையே ஓய்ந்திருந்தால் பெரும்பாலும் ஏறாது. வசதி இருந்தால் தொடை எலும்பு மஜ்ஜையில் மெகாகாரியோசைட் (பிளேட்லெட்டை உண்டாக்கும் தாய் அணு) எண்ணிப் பார்ப்பது இன்னும் உறுதி. சுண்டெலிக்கு வளர்ந்த பிறகும் மண்ணீரலில் மெகாகாரியோசைட் இருக்கும், அதைப் பார்த்துப் புற்று, அது இது என்று பயந்து எழுத வேண்டாம்.

ஏறுவதும் ஒரு குறியீடுதான். அழற்சி, கட்டி, ரத்தப்போக்கு, இரும்புச்சத்துக் குறைவு எல்லாவற்றிலும் பிளேட்லெட் ஏறும். மூட்டுவாத மாதிரி எலியில் மருந்து பிளேட்லெட்டைக் குறைத்தால் அது நல்ல செய்தி. எல்லா இடத்திலும் 'ஏறினால் நல்லது' என்று மனப்பாடமாக எழுதுகிற பழக்கம் டெங்குப் பயத்திலிருந்து வந்தது.

மஜ்ஜையை அடக்கும் மருந்தை நிறுத்தியதும் பிளேட்லெட் தானாக எழும், சில சமயம் இயல்பைத் தாண்டியும் போகும். அதனால் உங்கள் மூலிகை குரூப்பை முதல் நாளோடு ஒப்பிட்டுப் பெருமைப்படாமல், அதே நாளில், எந்தச் சிகிச்சையும் இல்லாத நோய் குரூப்போடு ஒப்பிடுங்கள். அந்தக் குரூப்பும் பத்தாம் நாளில் ஏறியிருந்தால் மூலிகை செய்ததென்ன?

பப்பாளிக்கு வருவோம். ஹைட்ராக்ஸியூரியா கொடுத்த எலியில் இலைச்சாறு பிளேட்லெட்டை ஏற்றினால், மஜ்ஜை அடங்கிய எலியில் ஏற்றியது என்று மட்டும் எழுதுங்கள். சாதாரண எலிக்கு டெங்கு மனிதருக்கு வருவது போல வராது, அதற்கென்று வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரானுக்கான ஏற்பிகள் இல்லாத ஏஜி129 மாதிரியான சுண்டெலிகளும் வைரஸ் கையாளும் பாதுகாப்பு லேபும் வேண்டும். டெங்குவில் மஜ்ஜை அடங்குவதோடு நோய் எதிர்ப்பு அழிவும் செலவாவதும் சேர்ந்து நடக்கிறது. அதிலும் ஆளை ஆபத்தில் தள்ளுவது பெரும்பாலும் ரத்தக்குழாயிலிருந்து பிளாஸ்மா கசிவதுதான், அதனால்தான் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியானாலும் வேறு எங்கேயானாலும் டாக்டர்கள் பிளேட்லெட்டோடு ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா என்றும் பார்க்கிறார்கள். உங்கள் எலி அட்டவணையிலும் ஹீமட்டோகிரிட், வெள்ளணு இரண்டும் பிளேட்லெட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

எழுதும்போது ரத்தம் எடுத்த இடம், மயக்க மருந்து, டியூப், எடுத்ததிலிருந்து எண்ணியது வரை ஆன நேரம், மெஷினின் மோட், கட்டி இருந்ததால் ஒதுக்கிய சாம்பிள்கள் எத்தனை, எந்தக் குரூப்பில் எத்தனை, இவ்வளவும் வரட்டும். ஒதுக்கியதெல்லாம் ஒரே குரூப்பில் குவிந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஸ்மியர் ஸ்லைடுகளில் எலியின் எண்ணையும் தேதியையும் பென்சிலால் எழுதிப் பெட்டியில் அடுக்கி, வைவா முடியும்வரை பூஞ்சை பிடிக்காத அலமாரியில் வையுங்கள். வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் கேட்டால் நேராக மைக்ரோஸ்கோப்பில் வைத்து வால் ஓரத்தைக் காட்டிவிடலாம்.